கல்லுக்குப் போன மூன்று எழுத்து

அம்மாவின் பெயர் எழுத்தில் எப்படி இருக்கும் என்று நான் தெரிந்துகொண்டபோது அம்மா இல்லை. மண்ணுக்குள் போய்ச் சில மாதங்கள் ஆகியிருந்தன. அதுவரை அந்தப் பெயர் எனக்கு வெறும் சத்தம்தான். அப்பா அடுக்களைப் பக்கம் பார்த்துக் கூப்பிடும் சத்தம். ஊருக்கு அவள் 'சைனாக்காரம்மா'. சர்ச்சில் அவளுக்கு ஒரு ஞானஸ்நானப் பெயர் இருந்தது. அது பாதிரியாரின் வாயில் நுழைய வேண்டும் என்பதற்காக வைத்தது.

நாங்கள் சீனக் குடும்பம். என் முகத்தைப் பார்க்காதவர்களுக்கு இது தெரிய வழியில்லை என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பார்த்தவர்கள் என்னிடம் ஆங்கிலத்தில் ஆரம்பிப்பார்கள். "தமிழ்லயே சொல்லுங்க, பரவால்லீங்க" என்றதும் வாயைப் பிளப்பார்கள். கோயமுத்தூரில் பிறந்து, கோயமுத்தூர்த் தண்ணீரைக் குடித்து, இந்த வாய்பிளப்பைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. அப்பாவுக்கு அது அலுக்கவே இல்லை. அடுத்தவரை வாய் பிளக்க வைப்பதுதானே அவருக்குத் தொழில் என்று நான் கேலி செய்வேன்.

அவர் சின்னப் பையனாகத் தன் தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு கப்பலேறிக் கல்கத்தா வந்தவர். அங்கிருந்து இரண்டு பேரும் ரயிலேறி இங்கே வந்து, டவுன்ஹாலுக்குப் பின்னால் ஒரு சந்தில் பல் கட்டும் கடை போட்டார்கள். தாத்தா செய்ததைப் பார்த்து அப்பாவும் பழகிக்கொண்டார். பட்டம் கிட்டம் ஒன்றும் கிடையாது. ஆனாலும் 'சைனாக்காரர் பல் ஆஸ்பத்திரி' என்றால் பவானியிலிருந்தும் சத்தியமங்கலத்திலிருந்தும் பஸ் பிடித்து வருவார்கள். "வாயை நல்லாத் தொறங்க. வலிச்சாக் கையைத் தூக்குங்க, நிறுத்திப்போடறேன்" என்பார். எத்தனையோ பேர் கையைத் தூக்கி நான் பார்த்திருக்கிறேன். அவர் நிறுத்தி ஒருநாளும் பார்த்ததில்லை.

எனக்குச் சீன எழுத்து தெரியாது. சீனாவோடு எல்லைச் சண்டை வந்தபோது அப்பாவைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு, ஊரை விட்டு வெளியே போவதானால் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்றார்களாம். அன்றைக்கே தாத்தா தன் புத்தகங்களை எல்லாம் வெந்நீர் அடுப்பில் வைத்துக் கொளுத்திவிட்டார். அதற்கப்புறம் பிறந்தவள் நான். அந்த எழுத்து வீட்டுக்குள் வந்தால் போலீசும் கூடவே வரும் என்று அப்பாவுக்குள் ஒரு பயம் உட்கார்ந்துவிட்டது. "நீ தமிழ் படி அம்மணி. அதுதான் சோறு போடும்" என்று பள்ளியில் சேர்த்தார். வீட்டில் அவரும் அம்மாவும் தங்கள் பாஷையில் பேசிக்கொள்வார்கள். எனக்குப் புரியும். பதில் தமிழில்தான் வரும்.

தமிழ் சோறு போட்டது உண்மை. ஒப்பணக்காரத் தெருவை ஒட்டி ஒரு சந்தில், கோட்டைமேட்டுக்காரரான ஒரு பாய் டி.டி.பி. சென்டர் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, மில் காலண்டர், பனியன் கம்பெனி லேபிள், எல்லாம் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுக்கும் கடை. அங்கே எனக்கு டைப் அடிக்கிற வேலை. சைனாக்காரப் பெண் தமிழ் அடிப்பதைப் பார்ப்பதற்கென்றே சிலர் வந்து என் பின்னால் நிற்பார்கள். நான் வேண்டுமென்றே வேகத்தைக் கூட்டுவேன்.

அம்மா போவதற்கு இரண்டு வருஷம் முன்பே அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலதுகை போய்விட்டது. பேச்சு கொஞ்சம் குழறி, பிறகு சரியானது. கை சரியாகவில்லை. கடையை மூடினோம். ஆனால் பல் பிடுங்கும் நாற்காலியை விற்க அவர் விடவில்லை. நோயாளிகள் உட்கார்ந்த அந்த நாற்காலியிலேயே காலையிலிருந்து சாயங்காலம் வரை சாய்ந்து கிடப்பார். சட்டைப் பையில், மற்றவர்கள் பேனா வைத்திருக்கும் இடத்தில், பல் பார்க்கும் கண்ணாடி இருக்கும்; நீளக் கம்பியின் நுனியில் நாலணாக் காசளவு வட்டக் கண்ணாடி. கழுத்தைத் திருப்பச் சிரமம் என்பதால், பின்னால் யாராவது வந்தால் அதைத் தோளுக்கு மேல் தூக்கிப் பிடித்து யாரென்று பார்ப்பார். நாற்பது வருஷம் அடுத்தவர் வாய்க்குள் அதை விட்டுப் பார்த்தவர். அதற்குள் இடது வலமாகத் தெரிவதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு வாரத்தில் முடிந்துபோனது. போத்தனூரில் ரயில்வேக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டத்தில் ஓர் ஓரமாக இடம் கிடைத்தது. மரச்சிலுவை ஒன்று நட்டுவிட்டு வந்தோம்.

பத்துப் பதினைந்து நாள் போனது. பிறகு ஒருநாள் காலையில், நான் வேலைக்குக் கிளம்பும்போது, நாற்காலியில் இருந்தபடியே அப்பா சொன்னார்.

"அம்மணி, உங்கம்மாளுக்குக் கல்லு வெக்கோணும். அவ பேரு எங்க எழுத்துல இருக்கோணும். மூணே எழுத்து."

"சரிங்கப்பா. உங்க ஊர்ப் பேரும் போடலாங்களா?"

"அந்த ஊரு அவளைப் பாத்ததே இல்லை. அவ கல்கத்தாவுல பொறந்தவ. பேரு மட்டும் போதும்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "இந்த ஊர்ல யாரும் அவளைப் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்லை. நான் ஒருத்தன்தான். நானும் போயிட்டா அப்படியொரு பேரு இருந்ததே தெரியாமப் போயிரும்."

அதுதான் விஷயம். அடுத்த தடவை பக்கவாதம் வந்தால் தாங்க மாட்டார் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார். அந்த எழுத்தைப் பார்த்துச் சரி, தப்பு என்று சொல்ல இந்த ஊரில் அவரைத் தவிர ஆள் கிடையாது. ஊட்டியில் ஒரு சீனக் குடும்பம் இருந்தது. அவர்களும் கனடா போய்விட்டார்கள். அவர் கண் திறந்திருக்கும்போதே கல் வந்தாக வேண்டும்.

அவரே எழுதிக் கொடுத்திருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும். கை இல்லை. இடது கையில் பேனாவைச் சொருகி, மூன்று எழுத்தையும் அரை மணி நேரம் எழுதினார். கோழி கிளறிய குப்பை மாதிரி இருந்தது. அவரே அதைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இந்தக் கோணக்கையைக் கொண்டுபோய் அவ தலைமாட்டுல வெக்கறதா? வேண்டாம்."

கல் செதுக்குகிறவரும் அதையேதான் சொன்னார். போத்தனூர் ரோட்டில் பட்டறை வைத்திருந்தார். மில் திறப்பு விழா, கல்யாண மண்டபம், கோயில் கும்பாபிஷேகம், எல்லாவற்றுக்கும் அவர் கல்தான். எங்கள் கடை வாடிக்கைக்காரர். அப்பா எழுதிய தாளை இப்படியும் அப்படியும் பிடித்துப் பார்த்தார்.

"ஏனுங் அம்மணி, இதுல எது கோடு, எது கை நடுக்கம்னு எனக்கு எப்படீங்க தெரியும்? கம்ப்யூட்டர்ல சுத்தமா எடுத்துட்டு வாங்க. ஒரு மயிரிழை பிசகாமச் செஞ்சுபோடறேன்."

கம்ப்யூட்டரில் சீன எழுத்து எடுப்பது என்றால், தமிழுக்கு ஃபாண்ட் போடுவது போல ஏதோ ஒரு ஃப்ளாப்பியைப் போட்டால் வந்துவிடும் என்று நினைத்தேன். பாய் திருப்பூர் பனியன் ஏற்றுமதிக்காரர் ஒருவரிடம் சொல்லிவைத்தார். அவரிடம் சரக்கு எடுக்கும் ஹாங்காங் ஆள் மூலம் ஒரு கட்டு ஃப்ளாப்பி வந்தது. போட்டு, அதிலிருந்த ஆங்கில அர்த்தப் பட்டியலில் அப்பா சொன்ன பூவின் பெயரை வைத்து மூன்றாவது எழுத்தைத் தேடிப் பிடித்து, அச்செடுத்துக் கொண்டுபோய் அப்பாவிடம் நீட்டினேன். பெருமையாகத்தான் நீட்டினேன்.

"இது என்ன?" என்றார்.

"அம்மா பேர்ல கடைசி எழுத்துங்க."

"கதவு எங்கே?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்த எழுத்தில் மேலே புல், அதற்குக் கீழே இரட்டைக் கதவு, கதவுக்குள் ஒரு கட்டு இருக்க வேண்டுமாம். நான் கொண்டுபோனதில் இரண்டு புள்ளியும் மூன்று கோடும்தான் இருந்தன. சீனாவில் சர்க்கார் எழுத்துகளைச் சுருக்கிவிட்டது, நான் எடுத்தது அந்தச் சுருக்கெழுத்து என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. அப்பா கண்டது தாத்தா காலத்துப் பழைய எழுத்து. அவர் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"பல்லை எல்லாம் புடுங்கிப்போட்ட வாயாட்டம் இருக்குது. இது அவ இல்லை."

மறுபடி ஏற்றுமதிக்காரர், மறுபடி ஹாங்காங் ஆள். பழைய எழுத்து அடிக்கிற ஃப்ளாப்பிகள் வந்து சேர இரண்டு மாதம் ஆனது. அதற்குள் அப்பா மெலிந்துவிட்டார். மாலையில் நான் வீட்டுக்குள் நுழையும்போதே தோளுக்கு மேல் கண்ணாடி உயரும். அதில் என் கையைப் பார்ப்பார். தாள் இல்லை என்றால் கண்ணாடி இறங்கிவிடும்.

புது ஃப்ளாப்பிகளைப் போட்டதும் முதலில் நடந்தது என்ன தெரியுமா? கடையில் இருந்த தமிழ் எல்லாம் சீனமாகிவிட்டது. எங்கள் தமிழ் ஃபாண்ட் குடியிருந்த இடத்தில் அந்த மென்பொருள் வந்து உட்கார்ந்துகொண்டது. மறுநாள் பாய் ஒரு கவுண்டர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையைத் திறந்தார். மணமகன், மணமகள், முகூர்த்தம், ஒன்றுவிடாமல் கட்டம் கட்டமாகச் சீன எழுத்து.

"யா அல்லா" என்று தலையில் கை வைத்தார். "என்னம்மா இது, பூவோட நாரும் மணக்கும்னு சேத்துக்கிட்டா, நார் வந்து பூவையே தின்னுபோடுச்சே!"

மென்பொருளை மூடினால் தமிழ் திரும்பி வந்துவிட்டது. ஆனாலும் அந்தப் பத்திரிகையை அப்படியே ஓர் அச்செடுத்து அப்பாவிடம் கொண்டுபோனேன். அவர் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். "ஆடு... கிணறு... கோவம்... ரெண்டு கொதிக்கிற சட்டி..." படித்துக்கொண்டே வந்தவர் திடீரென்று சிரித்தார். "கல்யாணத்தைப் பத்திச் சரியாத்தான் எழுதியிருக்குது" என்றார். அம்மா போன பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான். பிறகும் சிரித்ததாக எனக்கு நினைவில்லை.

அடிப்பதற்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று, சத்தத்தை ஆங்கில எழுத்தில் அடித்தால் அந்தச் சத்தம் உள்ள எழுத்துகள் வரிசையாக வந்து நிற்கும், வேண்டியதைப் பொறுக்கிக்கொள்ளலாம். சுலபம் என்று நினைத்தேன். அப்பா கூப்பிட்ட சத்தம்தான் என் காதிலேயே இருக்கிறதே. அடித்தேன். வந்த வரிசைகளை அச்செடுத்து எடுத்துப் போனேன். ஒன்றிலும் அவள் இல்லை. அந்த மென்பொருளுக்குச் சீனத் தலைநகரத்துப் படித்தவர்களின் பேச்சுதான் தெரியும். எங்கள் வீட்டில் பேசியது ஏதோ ஒரு ஆற்றங்கரையின் நாட்டுப்பேச்சு. அப்பா அம்மாவை ஆயுள் முழுக்கக் கூப்பிட்ட சத்தத்தை அந்தக் கம்ப்யூட்டர் கேள்விப்பட்டதே இல்லை. எனக்கு ஆத்திரம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

இன்னொரு வழி, எழுத்தின் உருவத்தை வெட்டி அடிப்பது. ஒவ்வொரு எழுத்தையும் நான்கைந்து துண்டாகப் பிரித்து, துண்டுக்கு ஒரு பொத்தான் அழுத்த வேண்டும். எந்தப் பொத்தானில் என்ன துண்டு என்று காட்ட, பொத்தான்மேல் ஒட்டும் சீட்டுகளும் கூடவே வந்திருந்தன. ஏ பொத்தானில் சூரியன். பி-யில் சந்திரன். டி-யில் மரம், ஈ-யில் தண்ணீர், எஃப்-பில் நெருப்பு. எப்படி வெட்டுவது என்று விளக்கும் சின்னப் புத்தகம் முழுக்கச் சீனத்தில் இருந்தது. ஆகவே அப்பா அதைப் படித்து எனக்குத் தமிழில் சொல்ல வேண்டும். தாத்தா அடுப்பு மூட்டிய நாளுக்குப் பிறகு அவர் கையில் எடுத்த முதல் சீனப் புத்தகம் அதுவாகத்தான் இருக்கும்.

படிக்கப் படிக்க அவருக்குக் கோபம் ஏறியது.

"கதவைச் சூரியன் ஒண்ணு, வில்லு ஒண்ணுன்னு வெட்டச் சொல்றான் அம்மணி. கதவு கதவுதானே? எவனாச்சும் கதவை இப்படி வெட்டுவானா?"

"அவங்க கணக்கு அப்படீங்கப்பா. சொல்லுங்க, நான் அடிச்சுப் பாக்கறேன்."

"எந்தக் கோட்டை மொதல்ல போடோணும், எதைக் கடைசியில போடோணும்னு எங்கப்பன் பிரம்புல அடிச்சுச் சொல்லிக் குடுத்தாரு. இவன் அதையெல்லாம் குப்பையில போடறான்."

நடு எழுத்துதான் உயிரை எடுத்தது. அதில் இடது பக்கம் மூன்று துளித் தண்ணீர். அது அப்பாவுக்கும் எனக்கும் தெளிவாகத் தெரிந்தது. தண்ணீர்ப் பொத்தான். சரி. அதற்கப்புறம் நாங்கள் எப்படி வெட்டினாலும் கம்ப்யூட்டர் கீச்சென்று கத்தியது. பகலில் கடையில் பத்திரிகை வேலைக்கு நடுவே நான் அடித்துப் பார்ப்பேன். மாலையில் வந்து தோற்றதைச் சொல்வேன். அவர் மறுபடி புத்தகத்தைப் புரட்டுவார். இப்படியே வாரக்கணக்கில் போனது. கடைசியில் ஒருநாள், எரிச்சலில் கண்டபடி தட்டிக்கொண்டிருந்தபோது, கடைசித் துண்டுக்கும் தண்ணீர்ப் பொத்தானையே அழுத்தினேன். எழுத்து வந்து நின்றது. தண்ணீரில் ஆரம்பித்துத் தண்ணீரில் முடிகிற எழுத்து.

"கடைசியில தண்ணி எங்கிருந்து வந்துச்சு? அந்த எழுத்துல அந்த எடத்துல தண்ணியே இல்லையே" என்றார் அப்பா. புத்தகத்தை மூடி நாற்காலியின் கைப்பிடியில் வைத்தார். அதற்குமேல் அவருக்கு அந்த விஷயத்தில் சண்டை போடத் தெம்பு இல்லை.

மூன்று எழுத்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பெரிதாக அச்செடுத்து மடியாமல் சுருட்டிக் கொண்டுபோனேன். கண்ணாடி உயர்ந்தது. தாளைப் பார்த்ததும் இறங்கவில்லை. அவர் முன்னால் போய் விரித்துப் பிடித்தேன். வெகுநேரம் பார்த்தார். புல், கதவு, கட்டு, தண்ணீர், எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. பிறகு அடுக்களைப் பக்கம் திரும்பி, எப்போதும் கூப்பிடும் அதே குரலில், அந்தப் பெயரை ஒருமுறை சொன்னார். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. தாளை அவர் மடியில் வைத்துவிட்டு வெளியே வந்து சந்தில் நின்றுகொண்டேன்.

இனி நடந்ததைப் புரிந்துகொள்ள எங்கள் தொழிலின் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கல் வேலைக்கு நாங்கள் டிரேசிங் தாளில் அச்செடுத்துக் கொடுப்போம். அதுவும் இடம்வலம் மாற்றி, கண்ணாடியில் தெரிவதுபோல. கல் செதுக்குகிறவர் தாளைக் குப்புறக் கல்லின் மேல் ஒட்டி, முதுகில் மை கரைக்கும் தின்னரைத் தடவித் தேய்ப்பார். மை கல்லில் இறங்கும். திரும்பின எழுத்து திரும்பவும் திரும்பி, கல்லில் நேராக விழும். இத்தனை வருஷமாக அப்படித்தான். அம்மா பெயர்த் தாளையும் கல்காரர் "எப்பவும் போலத் திருப்பியே எடுத்துக் குடுங்க" என்று கேட்டுத்தான் வாங்கிப் போனார். கீழே போட வேண்டிய, அம்மா பிறந்த, இறந்த ஆங்கில வருஷங்களுக்கு அவருக்குத் தாளே வேண்டாம். கைப்பழக்கத்தில் நேராகக் கல்லிலேயே எழுதிவிடுவார்.

கல் வைக்கிற நாள் காலையில் அப்பாவை ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிப்போனேன். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். சட்டைப் பையில் வழக்கம்போலக் கண்ணாடி. கல்லறைத் தோட்டத்தில் கல்காரரும் அவர் ஆட்களும் கறுப்புக் கல்லை முன்னமே நட்டு, சாக்கைப் போர்த்தி வைத்திருந்தார்கள். தண்டவாளப் பக்கம் ஒரு சரக்கு வண்டி போய்க்கொண்டே இருந்தது. அது போய் முடியும்வரை காத்திருந்து, கல்காரர் சாக்கை எடுத்தார்.

நான் முதலில் கல்லைப் பார்க்கவில்லை. அப்பாவின் முகத்தைத்தான் பார்த்தேன். அது அப்படியே நின்றுவிட்டது.

"எப்படீங்க ஐயா இருக்குது?" என்றார் கல்காரர். "இந்த எழுத்துக்குத் தின்னர் போட எனக்கு மனசு வரலீங்க. மை கசிஞ்சு ஒரு புள்ளி போயிட்டாக்கூட எனக்குத் தெரியாது பாருங்க. அதனால தாளைக் கல்லு மேல நிமுத்தி வெச்சு, அடியில கார்பனைப் போட்டு, ஒவ்வொரு கோடா ஊசியில இழுத்து எறக்கினனுங்க. நாலு நாள் வேலை. ஒரு கோடு உடலீங்க. எண்ணிப் பாத்துக்கோங்க."

திருப்பி எடுத்த தாளை, நிமிர்த்தி வைத்து.

அப்பா சொன்னார்: "ரொம்ப நல்லாச் செஞ்சிருக்கீங்க. மகராசனா இருங்க."

கல்காரருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கல்லை ஒருமுறை துணியால் துடைத்துவிட்டு, கும்பிட்டுவிட்டு, ஆட்களைக் கூட்டிக்கொண்டு டெம்போவில் ஏறிப் போனார். தமிழாக இருந்திருந்தால் முதல் எழுத்தை இறக்கும்போதே அவர் கண்டுபிடித்திருப்பார். ஆங்கிலமாக இருந்தாலும் அப்படித்தான். அவர் கண்ணுக்கு இந்த எழுத்து எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் ஒன்றுதான். பழக்கப்படி அசட்டையாகச் செய்திருந்தால் சரியாக வந்திருக்கும். இதற்கென்று தனி அக்கறை எடுத்துக்கொண்டார், பாவி மனிதர்.

டெம்போ போன பிறகு அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்லத் திரும்பினார். கல்லுக்கு முதுகைக் காட்டி நின்றார். இடது கையால் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துத் தோளுக்கு மேல் தூக்கினார். மேலிருந்து கீழாக, ஒவ்வொரு எழுத்தாக, கண்ணாடியை இறக்கிக்கொண்டே வந்தார். உதடு அசைந்தது. மூன்றாவது எழுத்துக்கு வந்ததும் கை நின்றது.

அப்போதுதான் நான் திரும்பிக் கல்லைப் பார்த்தேன். நடு எழுத்தில் மூன்று துளித் தண்ணீர் வலது பக்கம் இருந்தது.

"அப்பா, நான் இப்பவே போயி அந்தாளைக் கூட்டியாறேன். வேற கல்லு எடுக்கச் சொல்றேன். இதை இப்படியே உட முடியாதுங்க" என்று கத்தினேன். அழுதேனா கத்தினேனா என்று எனக்கே தெரியவில்லை.

அவர் கண்ணாடியைச் சட்டை முனையில் துடைத்துப் பையில் வைத்தார்.

"உடு கண்ணு. நாலு நாள் கஷ்டப்பட்டிருக்கான். அவங்கிட்ட இதைச் சொன்னா அந்த மனுசன் சோறு திங்க மாட்டான்."

"அம்மா பேருங்கப்பா அது!"

"இந்த ஊர்ல இதைப் படிக்கறவன் நான் ஒருத்தன். எங்கிட்டக் கண்ணாடி இருக்குது."

அதற்கப்புறம் அவர் எட்டு மாதம் இருந்தார். போத்தனூருக்கு மாதம் ஒருமுறை ஆட்டோவில் போய், கல்லுக்கு முதுகைக் காட்டி நின்று, அம்மாவைப் படித்துவிட்டு வருவோம். அவர் படிப்பார், நான் குடை பிடிப்பேன். ஒவ்வொரு தடவையும் கை கொஞ்சம் அதிகமாக நடுங்கியது. கடைசித் தடவை கண்ணாடியில் எழுத்து நிற்கவே இல்லை. என்னைப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். "இன்னும் கீழே" என்றார். "போதும்" என்றார்.

ஆட்டோவில் திரும்பும்போது கேட்டேன். "அப்பா, உங்க பேரையும் எழுதிக் குடுங்க. இப்ப எனக்கு வெட்டத் தெரியும். சீக்கிரமா அடிச்சுப்போடுவேன். தாளை நானே கூட இருந்து ஒட்ட வெக்கறேன்."

அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். ஆத்துப்பாலம் தாண்டினோம்.

"எனக்கு வேண்டாம்" என்றார். "அதைச் சரியா தப்பான்னு யாரு பாப்பாங்க? எனக்குத் தமிழ்லயே போட்டுரு. தப்பு இருந்தா நீ பாத்துக்குவே."

தமிழில்தான் போட்டேன். அதே கல்காரர், அதே கறுப்புக் கல், எப்போதும் போலத் திருப்பி எடுத்த தாள், தின்னர். அம்மாவுக்குப் பக்கத்திலேயே நட்டோம். சாக்கை எடுத்ததும் நான் எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தேன். ஒரு தப்பும் இல்லை.